இன்குனாபுலா: ஒரு தொட்டில் சொல்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், நம் கல்லூரி நூலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘நூலகத்திலே இருந்தவர்தானே, ஏதாவது ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுங்க’ என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். புத்தகத்தைப் பற்றிப் பேசினால் நேரம் போதாது. அதனால் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அந்தச் சொல் ‘இன்குனாபுலா’. நூலகத்துறையில் படித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் ‘ஏதோ மருந்து பெயர் மாதிரி இருக்கே’ என்று நினைத்தால் தப்பில்லை. குறைமாதக் குழந்தையை வைக்கிற இன்குபேட்டரோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வாரும் உண்டு. அது வேறு சொல். அது அடைகாப்பதிலிருந்து வந்தது. இது தொட்டிலிலிருந்து வந்தது.

இலத்தீன் மொழியில் ‘கூனே’ என்றால் தொட்டில். ‘இன்குனாபுலா’ என்பது பிறந்த குழந்தையைச் சுற்றிக் கட்டுகிற துணி. அதிலிருந்து தொட்டில் என்றும், பிறந்த மண் என்றும், எந்த ஒன்றுக்கும் அதன் இளம்பருவம் என்றும் பொருள் விரிந்தது. ரோமாபுரிப் பேச்சாளர் சிசரோ தம் சொந்த ஊரைக் குறிக்கவே இச்சொல்லைக் கையாண்டிருக்கிறார். இலக்கணம் கேட்கிற மாணவர்களுக்காக ஒரு வார்த்தை: இது பன்மைச் சொல். ஒன்றே ஒன்று என்றால் ‘இன்குனாபுலம்’. பன்மைக்கு மேல் பன்மையாக ‘இன்குனாபுலாஸ்’ என்று எழுதினால், நம்மவர்கள் ‘மக்கள்கள்’ என்று எழுதுவது போல ஆகிவிடும்.

இந்தச் சொல் புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டது எப்படி? அதற்கு ஒரு சண்டை காரணம். அச்சுக்கலையை முதலில் கண்டவர் யார் என்பதில் ஐரோப்பாவில் இரண்டு கட்சி. ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்துக் குட்டன்பர்க்தான் என்பது ஒரு கட்சி. ஹாலந்தில் ஹார்லெம் நகரத்துக் காஸ்டர்தான் என்பது இன்னொன்று. ஹாலந்துக்காரரான ஹட்ரியானுஸ் ஜூனியுஸ் என்ற மருத்துவர் தம் நாட்டைப் பற்றி எழுதிய நூல், அவர் காலமான பிறகு 1588-ல் வெளிவந்தது. அதில்தான் அச்சுக்கலையின் தொட்டில் பருவம் என்ற பொருளில் இந்தச் சொல் வருகிறது. பிறகு 1640-ல், பெர்ன்ஹார்டு ஃபான் மாலின்க்ரோட் என்ற ஜெர்மானியர் குட்டன்பர்க் கட்சிக்காக ஒரு சிறு நூல் எழுதினார். எதிர்க்கட்சிக்காரர் உபயோகித்த அதே சொல்லை அவரும் எடுத்துக்கொண்டார். அந்தத் தொட்டில் பருவம் 1500-ஆம் ஆண்டோடு முடிகிறது என்று ஒரு கோடும் போட்டார். அந்தக் கோடுதான் இன்றுவரை நிற்கிறது.

ஆகவே இன்றைய வழக்கில், ஐரோப்பாவில் 1500 டிசம்பர் 31-க்குள் அச்செழுத்துக் கோத்து அச்சான நூல் இன்குனாபுலம். 1501 ஜனவரியில் அச்சானது அந்தக் கணக்கில் வராது. ஒரே பட்டறை, ஒரே எழுத்து, ஒரே மை. ஆனாலும் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. மாணவர் சேர்க்கைக்கு வயது வரம்பு வைத்த மாதிரிதான். வசதிக்காகப் போட்ட கோடு, அவ்வளவே. பழைய புத்தகம் எல்லாவற்றையும் ‘இன்குனாபுலா’ என்று சொல்லுவது சரியல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இப்படிப்பட்ட பதிப்புகள் சுமார் 30,000 இன்று கணக்கில் உள்ளன. ஜெர்மன் மொழியில் இவற்றைத் ‘தொட்டில் அச்சு’ என்று பொருள்படும் சொல்லாலேயே குறிக்கிறார்கள். சீனரும் ஜப்பானியரும் தத்தம் மொழியில் தொட்டிலையே வைத்திருக்கிறார்கள். நாமும் ‘தொட்டில் நூல்கள்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

நம் மொழியில் தொடக்கத்துக்குச் சொற்களுக்கா பஞ்சம்? ஆரம்பம், தோற்றம், முளை, பிள்ளையார் சுழி. ஆனால் இவையெல்லாம் ஒரு புள்ளியைக் காட்டும். பிள்ளையார் சுழி போட்டாச்சு என்றால் அந்த நிமிடம் முடிந்தது. தொட்டில் அப்படியல்ல, அது ஒரு பருவம். நாற்றங்கால் என்ற சொல் இதற்குக் கொஞ்சம் கிட்டே வரும். நாற்று அங்கேயே வளர்ந்து கதிர் விடுவதில்லை. பிடுங்கி வேறு வயலில் நட வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். நம் வீடுகளில் தூளி எதில் கட்டுவார்கள்? கடையில் வாங்கிய புதுத் துணியிலா? அம்மாவின், பாட்டியின் பழைய நூல் புடவையில்தான். புதுத் துணி குழந்தையின் உடம்பை உறுத்தும். துவைத்துத் துவைத்து நைந்த புடவைதான் பதமாக இருக்கும். புதிதாக வந்த உயிரைப் பழைய துணியில் சுற்றித்தான் வைக்கிறோம். இன்குனாபுலா என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏனென்றால் அந்த முதல் ஐம்பது வருடத்து அச்சுப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தால், அவை அச்சுப் புத்தகம் மாதிரியே இருக்காது. கையெழுத்துச் சுவடி மாதிரி இருக்கும். 1455 வாக்கில் முடிந்த குட்டன்பர்க்கின் விவிலியத்தில் எழுத்தின் வடிவமே எழுத்தர்களின் கையெழுத்தைப் பார்த்து வார்த்ததுதான். அத்தியாயத்தின் முதல் எழுத்துக்கு இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். வண்ணக்காரர் வந்து கையால் சிவப்பிலும் நீலத்திலும் எழுதுவார். பக்க எண் கிடையாது. தலைப்புப் பக்கம் என்று ஒன்றும் கிடையாது. யார் அச்சிட்டார், எப்போது என்ற விவரம் இருந்தால் அது கடைசியில் இருக்கும். நம் ஓலைச்சுவடியில் எழுதி முடித்தவர் தம் பெயரையும் நாளையும் கடைசி ஏட்டில் குறிப்பதைப் போல. பக்க எண்ணும் தலைப்புப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிறகுதான் வந்து சேர்ந்தன. தான் யார் என்று அச்சுக்கே தெரியாத பருவம் அது.

தமிழ் அச்சின் கதையும் இதேதான். நமக்கு 1500-க்கு முன் அச்சு கிடையாது. ஆகவே அந்தக் கோட்டின்படி தமிழில் இன்குனாபுலா இல்லை. ஆனால் தமிழுக்கும் ஒரு தொட்டில் இருந்தது. 1554-ல் லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சாயிற்று. மொழி தமிழ், எழுத்து உரோமன். பிறகு 1578-ல் கொல்லத்தில், தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ வந்தது. பதினாறே பக்கம். முத்துக்குளித்துறையில் பல்லாண்டு இருந்து தமிழ் கற்ற போர்த்துகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் ஆக்கியது. அடுத்த வருடமே கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’.

அந்த 1578-ஆம் வருடத்து நூலில் புள்ளி கிடையாது. மெய்யெழுத்தா உயிர்மெய்யா என்று படிப்பவர்தாம் ஊகிக்க வேண்டும். காரணம் தெரிந்ததுதான். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு கிழியும். அதனால் ஓலையில் புள்ளி வைப்பதில்லை. அச்சுக்கு அந்தத் தொல்லை இல்லை. காகிதம் கிழியாது. இருந்தும் புள்ளி வைக்கவில்லை. பழைய புடவையில் சுற்றிக் கிடந்த குழந்தைதானே! இன்னொரு செய்தி. அந்த நூலில் இரண்டு விதத் தமிழ் எழுத்துகளின் மாதிரியையும் காட்டியிருக்கிறார்கள். 1577-ல் கோவாவில் வார்த்தது ஒன்று, 1578-ல் கொல்லத்தில் வார்த்தது ஒன்று. ஒரு வருடத்துக்குள் ‘முன்னதைவிடக் கொஞ்சம் நல்லா வந்திருக்கு பாருங்க’ என்று காட்டுகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

இதில் நாம் பெருமைப்பட வேண்டிய ஒன்று உண்டு. இந்தியாவுக்கு முதல் அச்சு இயந்திரம் 1556-ல் வந்து இறங்கியது கோவாவில். அபிசீனியாவுக்குப் போக வேண்டியது, அங்கேயே தங்கிவிட்டது. அதை எங்கே நிறுத்தினார்கள்? புனித பவுல் கல்லூரியில். கொல்லத்து நூல் எங்கே அச்சாயிற்று? அங்கிருந்த ஒரு கல்லூரியில்தான். ஆக, இந்த நாட்டில் அச்சுக்குத் தொட்டில் கட்டியது கல்லூரிகள். கல்லூரி என்று பெயர் வைத்துக்கொண்ட நமக்கு இது ஞாபகம் இருக்க வேண்டும்.

சரி, அந்தப் பதினாறு பக்க நூல் இன்று எங்கே இருக்கிறது? கொல்லத்தில் இல்லை, சென்னையில் இல்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1554-ஆம் வருடத்து நூல் லிஸ்பனில் இருக்கிறது. ‘அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க’ என்று கோபப்படுவது சுலபம். நம்மிடம் ஏன் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்று கேட்டுக்கொள்வதுதான் கஷ்டம்.

தொட்டில் பருவத்தில் இருக்கிற எதற்கும் மதிப்பு இருக்காது. அதுதான் சிக்கல். அந்தக் காலத்து ஐரோப்பியப் பள்ளிப் பிள்ளைகள் படித்த இலத்தீன் இலக்கணப் பாடநூல் ஒன்று உண்டு, ‘டொனாட்டுஸ்’ என்று பெயர். குட்டன்பர்க் காலத்திலேயே பலமுறை அச்சான புத்தகம் அது. கோயிலுக்கு அச்சிட்ட பெரிய விவிலியத்தின் பிரதிகள் நாற்பதுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. ஆனால் இந்தப் பாடப்புத்தகத்தின் பழைய பதிப்புகள் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் கிடைத்திருக்கின்றன. அதுவும் எங்கே? வேறு புத்தகங்களின் அட்டைக்குள்ளே! பிள்ளைகள் படித்துக் கிழித்துப் போட்டதை, பைண்டிங் செய்பவர் அட்டை கனமாக இருக்கட்டும் என்று உள்ளே வைத்து ஒட்டியிருக்கிறார். பல நூறு வருடம் கழித்து, அட்டை பிரிந்தபோது வெளியே வந்தன. பெரியவர்களின் புத்தகம் அலமாரியில் நின்றது. மாணவனின் புத்தகம் குப்பையில் பிழைத்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன்.

நம் கல்லூரியின் தொட்டில் எது? இதோ இந்தப் பெரிய அரங்கம் அல்ல. முதல் இரண்டு வருடம் ஊர்ச் சத்திரத்தில் வகுப்பு நடந்தது என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். உயர்நிலைப் பள்ளியிலிருந்து கடன் வாங்கிய பெஞ்சு, கடன் வாங்கிய கரும்பலகை. முதல் வருடத்து வருகைப் பதிவேடு கல்லூரிப் பதிவேடே அல்ல, பள்ளிக்கூடத்துப் பதிவேடு. ‘ஆறாம் வகுப்பு’ என்று அச்சாகியிருந்ததை மையால் அடித்துவிட்டுப் ‘புகுமுக வகுப்பு’ என்று மேலே எழுதியிருப்பார்கள். பழைய புடவையில் சுற்றிய பிள்ளை என்று சொன்னேனே, அது இதுதான். அந்த ஒரு அடித்தல் திருத்தலில் இருக்கிற செய்தி, பின்னால் ஆர்ட் பேப்பரில் அச்சிட்ட எந்த மலரிலும் இல்லை.

அந்தப் பதிவேடு, மாணவர்கள் கையால் எழுதி ஒரே பிரதியாக வகுப்புக்கு வகுப்பு சுற்றிவந்த கையெழுத்துப் பத்திரிகைகள், விடுதி மெஸ் கணக்கு நோட்டுகள், நாடக நோட்டீஸ்கள், சைக்ளோஸ்டைல் வினாத்தாள்கள் எல்லாம் பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. வருகிற கோடை விடுமுறையில் அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மழைக்கு ஒழுகுகிறது, பிள்ளைகளுக்கு ஆபத்து, இடிக்கத்தான் வேண்டும். நிர்வாகத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ‘வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், மீதியை அப்புறப்படுத்தி விடுகிறோம்’ என்று சொல்லியிருக்கிறார்கள். அப்புறப்படுத்துவது என்றால் என்ன? எடைக்குப் போடுவது. நான் கேட்பதெல்லாம், வேண்டியது எது என்று யார் தீர்மானிக்கப் போகிறார்கள் என்பதுதான்.

மெஸ் கணக்கு நோட்டு எதற்கு என்று கேட்கலாம். அரிசி என்ன விலை, வாரத்தில் எத்தனை நாள் முட்டை, யார் யாருக்குப் பாக்கி தள்ளுபடி ஆயிற்று என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் எப்படிச் சாப்பிட்டு, எப்படிப் படித்தார்கள் என்பதற்கு அதைவிட நேரான சாட்சி உண்டா?

இப்படி ‘எதற்கு’ என்று பிறர் கேட்டதையெல்லாம் சேர்த்து வைத்த ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். புத்தகம் மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று கையில் கிடைத்த அச்சுக் காகிதத்தையெல்லாம் காப்பாற்றினார். 1992-ல் அவர் காலமானார். அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வெளிநாடு போகவில்லை, 1994-ல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக எழுந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் பிறவும். இன்று தமிழ்ப் பதிப்பு வரலாறு எழுதுகிறவர் யாரும் அந்த வாசலை மிதிக்காமல் எழுத முடியாது. ஒரு தனி மனிதர் செய்தது அது. நாம் இத்தனை பேர் இருக்கிறோம்.

மாணவத் தம்பிகள் ‘இதெல்லாம் பழைய காகிதக் கதை, எங்களுக்கென்ன’ என்று நினைக்கக் கூடாது. கணினிக்கும் தொட்டில் பருவம் உண்டு. வலைத்தளம் பிறந்தது 1991-ல், ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தில். 2013-ல் அவர்களே தங்கள் முதல் பக்கத்தைத் தேட ஆரம்பித்தபோது, கையில் இருந்த பழைய பிரதி 1992-ஆம் ஆண்டுடையது. மேலே மேலே திருத்தி எழுதியதில் முதல் வடிவம் மறைந்துவிட்டது.

நம்மிடமும் அதே கதை. நம் கல்லூரி மலர் ஒன்று முதன்முதலாகக் கணினியில் கோத்து வந்தது பலருக்கு நினைவிருக்கும். பிளாப்பி தட்டுகள் என் மேசை இழுப்பறையில் பல வருடம் இருந்தன. தட்டைப் படிக்கிற கருவி கிடைத்தபோது, உள்ளே இருந்தது தமிழாகவே தெரியவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துரு, ஒவ்வொரு குறியாக்கம் வைத்திருந்த காலம் அது. அரசு 1999-ல் டாம், டாப் என்ற குறியாக்கங்களை அறிவித்தது. 2010-ல்தான் யூனிகோடு முறைப்படி வந்தது. அதற்கு முந்தைய கோப்புகளை மாற்றி எடுக்காவிட்டால் வெறும் கிறுக்கல்தான். 1578-ஆம் வருடத்து நூலில் புள்ளி இல்லாவிட்டாலும் இன்று படிக்க முடிகிறது. இருபத்தைந்து முப்பது வருடத்துக்கு முந்தைய நம் கோப்பைப் படிக்க முடியவில்லை. இன்று உங்கள் கைப்பேசியில் இருக்கிற வகுப்புப் படங்களும் நாளைக்கு இதே கதிதான், கவனிக்காவிட்டால்.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

முதலாவது, இடிக்கும் முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அந்த அறையைக் காலி செய்து, தூசி தட்டி, பட்டியல் எழுதுவோம். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றிவிட்டுப் பருத்தி நாடாவால் கட்ட வேண்டும். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள். நாளாவட்டத்தில் பசை பழுத்துக் காகிதத்தைத் தின்றுவிடும். லேமினேஷன் செய்யவே கூடாது. திரும்பப் பிரிக்க வழியில்லை. தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாமல் அலமாரியில் வைத்தாலே கரையானிடமிருந்து பாதி தப்பும்.

இரண்டாவது, உங்கள் வீட்டுப் பரணில் பாருங்கள். பழைய ஹால் டிக்கெட், குரூப் போட்டோ, ஆட்டோகிராப் நோட்டு எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். அசலைத் தர மனமில்லை என்றால் படம் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருகிறோம். போட்டோவின் பின்னால் நிற்பவர்களின் பெயரை மெதுவான பென்சிலால் இன்றைக்கே எழுதி வையுங்கள். பெயர் தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகிறோம். இந்த வருடமும் முதல் வரிசையில் சில நாற்காலிகள் காலி.

மூன்றாவது, நிர்வாகத்துக்கு. புதுக் கட்டடத்தில் ஒரே ஒரு அறை கொடுங்கள், ஒழுகாத அறை, பூட்டுச் சாவியோடு. அலமாரிகளைச் சங்கம் வாங்கித் தரும் என்று தலைவர் தலையசைக்கிறார். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள், சாட்சி. அந்த அறைக்குப் பெயர் வைப்பதென்றால் யார் பெயரும் வேண்டாம். ‘தொட்டில்’ என்று வையுங்கள், போதும்.

தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்குத் தன் தொட்டிலைக் காப்பாற்றத் தெரியாது. வளர்ந்தவர்கள்தான் அந்தப் புடவையை மடித்து எடுத்து வைக்க வேண்டும். நாமெல்லாம் வளர்ந்துவிட்டோம். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாடிப்படிக்குக் கீழே சந்திப்போம். பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள், தூசி அதிகம்.